தவறும் பட்சத்தில்

களியக்காவிளைச் செக்போஸ்டுக்கு
அந்தப் பக்கம் லாட்டரி விற்கிறார்கள்.
இந்தப் பக்கம் நான் பத்திரம் எழுதுகிறேன்,
இருபத்தாறு வருடமாக.
இரண்டு எழுத்தும் கைவரும்.
தமிழில் ‘தவறும் பட்சத்தில்’,
மலையாளத்தில் ‘வீழ்ச்ச வருத்தியால்’.
எதில் வாசித்தாலும் அந்த இடத்தில்
கட்சிக்காரர் எச்சில் விழுங்குவார்.

ஏசுவடியான் விழுங்கவில்லை.
நாற்பத்திரண்டு சென்ட் ரப்பர் விளை,
மூலையில் புகைப்புரை,
மூன்று வருட ஒற்றி.
றோஸ்லெட்டின் வளையல் விற்ற பணம்,
அதனால் பத்திரம் அவள் பெயருக்கு.
எழுதியது அவள் புருஷன், நான்.
“வாசிக்கவா?”
“நீ எளுதினா சரியாத்தான் இருக்கும்”
என்று பெருவிரலை நீட்டினான்.
கையெழுத்துத் தெரிந்தவன்தான்.
விரல்தான் உறப்பு என்றான்.

இந்த வருடம் ஓணத்துக்கு முந்திய வாரம்
விடியலில் ரப்பர் வெட்டப் போனவன்
ஏழாவது மரத்தடியில் கிடந்தான்,
வலப்பக்கம் முழுதும் விட்டுப்போய்.
அந்த விரலும் வலப்பக்கம்.

தவணை திங்கட்கிழமை.
ஞாயிறு ஆராதனையில் ஆபிராமின் உடன்படிக்கை.
கிடாரியை நடுவே பிளந்து
துண்டுக்கு எதிரே துண்டு வைத்து
பறவைகளை விரட்டியபடி நிற்கிறான் மனுஷன்.
அந்தக் காலத்துப் பத்திரம் அப்படி.
இரு கட்சியும் நடுவே நடக்க வேண்டும்.
தவறும் பட்சத்தில் கிடாரியின் கதி எனக்கும்.
தொழில்காரன், நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
ஆனால் இருட்டியதும் ஆபிராம் தூங்கிவிடுகிறான்.
புகையும் நெருப்பும் மட்டும்
துண்டுகளுக்கு நடுவே நடந்து போகின்றன.
ஒரு கட்சி கையெழுத்தே போடவில்லை.
எங்கள் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது சீனாய் மலைப் பத்திரம்.
கேட்டு நடந்தால் மழை,
நடக்காவிட்டால் வானம் வெண்கலம்.
ஓட்டை இல்லை.
பெண்கள் பக்கம் றோஸ்லெட்
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ராத்திரி பாயில் அவள் இல்லை.
விளைப் பக்கம் புகை.
புகைப்புரைக்குள் மூங்கிலில்
மடிந்து தொங்கும் ஷீட்டுகள்
இரண்டு வரிசை, முகத்துக்கு முகம்.
அடுப்பில் தொண்டு கனிந்து கொண்டிருந்தது.
நடுவே டார்ச்சோடு றோஸ்லெட்,
ஒவ்வொன்றாய்த் தொட்டுத் திருப்பியபடி.

“என்ன செய்யுத?”
“பூசணம் பிடிச்சிரும்லா.”
“நாளைக்குத் தவணை.”
“தெரியும்.”
“தெரிஞ்சுமா அவனுக்க ஷீட்டுக்குப் புகை போடுத?”
“அவன் மாத்திரை போட்டு ஒறங்குதான்.
சத்தம் போடாண்டாம்.”

நான் அந்தப் பக்கத்துக் கள்ளுஷாப்பில்
ஏழு வருடம் குடியிருந்தவன்.
மூன்று முறை இவள் ஆட்டோ பிடித்து வந்து
செக்போஸ்ட் போலீஸ்காரன் பார்த்துச் சிரிக்க
என்னைத் தூக்கிப் போட்டுக் கொண்டு போனாள்.
தெளிந்த பிறகு ஒருநாள்
சபையில் எங்கள் கல்யாணப் பதிவேட்டைக்
கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
தேதி, சாட்சி, ஐயரின் கையெழுத்து.
‘தவறும் பட்சத்தில்’ என்று
ஒரு வரியும் இல்லை.
யார் எழுதிக் கொடுத்தார்களோ, நல்ல எழுத்தர் இல்லை
என்று அப்போது நினைத்தேன்.

திங்கள் காலை ஒற்றி விடுதலைப் பத்திரம்.
சர்வே எண், நான்கு எல்லை, எல்லாம் ஓடியது.
பிரதிபிரயோஜனத்தில் பேனா நின்றது.
“என்ன எழுத?”
“கிட்டிச்சுன்னு எழுதுங்க.”
“என்ன கிட்டிச்சு?”
அவள் இருமினாள். ராத்திரிப் புகை.
இருமி முடித்தும் சொல்லவில்லை.

எழுதிவிட்டேன்.
சத்தமாக வாசித்தும் காட்டினேன்.
விழுங்க வேண்டிய இடம் எதுவும் வரவில்லை,
ஆனாலும் தொண்டை அடைத்தது.

நகலின் ஓரத்தில் மட்டும்
அன்றைய பவுன் விலையைப்
பென்சிலால் குறித்திருந்தேன்,
அவளுக்குத் தெரியாமல்.
இன்னும் அழிக்கவில்லை.